விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

1940களின் அமெரிக்க வானொலி மர்ம நாடகங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பாட்காஸ்டில் தேடிக் கேட்கத் தொடங்கினேன். அலுவலகம் போகும் ரயிலில்தான் கேட்கிறேன். பத்துப் பன்னிரண்டு ஆகிவிட்டது. ஒன்றுகூட என்னைப் பயமுறுத்தவில்லை. ஒரே இரைச்சல். நடுவில் ஒயின் விளம்பரம் வேறு. நான் கேட்கும் முறை தவறா, இல்லை அந்தப் பயம் பழசாகிவிட்டதா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

பயம் பழசாகவில்லை. ரயிலை விட்டு இறங்குங்கள், அது போதும்.

இவை இரவில், வீட்டுக்குள் கேட்பதற்காக எழுதப்பட்டவை. 1934இல் சிகாகோவில் எழுத்தாளர் வில்லிஸ் கூப்பர் தொடங்கிய ‘லைட்ஸ் அவுட்’ தொடர் நள்ளிரவில் ஒலிபரப்பானது. விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போவார்கள். மின்சார நாற்காலியில் ஒருவன் சாகும் ஓசைக்காக ஒலிவாங்கியின் அருகே பன்றி இறைச்சியை வறுத்தார்கள். எலும்பு முறிய வேண்டுமென்றால் விலா எலும்பை உடைத்தார்கள். இது தெரிந்த பிறகும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆனால் ரயிலின் தடதடப்பில் அந்த ஓசையே காதில் விழாது. ஒலியைக் கூட்டினால் கிசுகிசுப்பும் கத்தலாகிவிடும்.

நீங்கள் ‘சஸ்பென்ஸ்’ தொடரைக் கேட்டிருக்கிறீர்கள் என்று ஒயின் விளம்பரத்திலிருந்தே தெரிகிறது. சில ஆண்டுகள் ஒரு ஒயின் நிறுவனம்தான் அதன் விளம்பரதாரர். அதில் 1943 மே 25 அன்று ஒலிபரப்பான ‘சாரி, ராங் நம்பர்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் லூசில் ஃப்ளெட்சர், நடித்தவர் ஆக்னஸ் மூர்ஹெட். படுக்கையில் கிடக்கும் ஒரு பெண் கணவருக்குத் தொலைபேசியில் முயல்கிறாள். இணைப்பு மாறிப்போய், இருவர் ஒரு கொலைக்குத் திட்டமிடுவது அவள் காதில் விழுகிறது. அவ்வளவுதான் கதை. ஆபரேட்டரிடமும் போலீசிடமும் மன்றாடுகிறாள், யாரும் பொருட்படுத்துவதில்லை. தொலைபேசியில் கேட்பதைத் தவிர அந்த ஆபத்தைப் பற்றி அவளுக்கு வேறு எதுவும் தெரியாது, நமக்கும் தெரியாது. திரையில் பார்த்தால் அந்த அறைக்கு வெளியே நின்றுவிடுவோம். வானொலியில் அவளோடு சேர்ந்து நாமும் அந்தப் படுக்கையில் கிடக்கிறோம்.

விளம்பரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். கதை அங்கே நிற்கும் என்று தெரிந்துதான் எழுதியவர் முடிச்சைப் போட்டிருப்பார். அந்த ஒரு நிமிடக் காத்திருப்பும் நாடகத்தைச் சேர்ந்ததுதான்.

இரைச்சலுக்கு வருகிறேன். பெரும்பாலும் 16 அங்குல இசைத்தட்டுகளில் பதிந்து வைத்தவையே இன்று நம்மிடம் வருகின்றன. ஒரு பக்கத்தில் சுமார் 15 நிமிடம்தான் பிடிக்கும் என்பதால், அரை மணி நாடகத்துக்கு இரண்டு பக்கம் வேண்டும். பாதியில் ஒலியின் தன்மை சட்டென்று மாறினால் அங்கே தட்டு மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். கீறல் ஓசை அந்தத் தட்டுகள் தேய்ந்ததால் வருவது. ஒரே நாடகம் வெவ்வேறு பாட்காஸ்ட்களில் வெவ்வேறு தரத்தில் கிடைக்கிறது. இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, என் மனத்துக்கு மிக நெருக்கமான ஒன்று. அதே கூப்பர் 1947இல் ‘கொயட், ப்ளீஸ்’ தொடங்கினார். எர்னஸ்ட் சாப்பல் என்ற ஒரே குரல், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல் நிதானமாகக் கதை சொல்லும். 1948 ஆகஸ்ட் 9 அன்று வந்த ‘தி திங் ஆன் தி ஃபோர்பிள் போர்ட்’ (எண்ணெய்க் கிணற்றுக் கோபுரத்தில் உயரே இருக்கும் மேடைதான் ஃபோர்பிள் போர்ட்) நாடகத்தில், எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலாளி ஒருவர் பழைய சம்பவம் ஒன்றை நினைவுகூர்கிறார். பூமியின் ஆழத்திலிருந்து ஏதோ ஒன்று மேலே வந்துவிட்டது. அது குழந்தைபோல அழுகிறது. அந்த அழுகையைக் கேட்டால் பயமா இரக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த வகை நாடகங்களில் அதற்கு மேல் ஒன்றை நான் கேட்டதில்லை. முடிவை இங்கே சொல்ல மாட்டேன்.

இன்றிரவே கேளுங்கள், தனியாக, வேறு வேலை எதுவும் செய்யாமல். கதை சொல்பவர் தன் மனைவியை அழைக்கும்போதெல்லாம் கவனமாக இருங்கள். முடித்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடைசி நிமிடங்களைப் பற்றி உங்களோடு பேச வேண்டும்.