அம்மாவின் வலி ஏன் நின்றது?

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அண்ணன் விசைப்படகுக்குப் போகிறான், அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறார். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வெளியூரில் பல் மருத்துவம் கிடைத்தது, இப்போது இரண்டாம் ஆண்டு. லேபில் மெழுகில் பல் செதுக்குவதும், பொம்மைத் தலையில் பல்லைத் துளைக்கும் ஏரோட்டார் கருவியைப் பிடித்துக் குழி வெட்டுவதும் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது, கை நடுங்குகிறது. கல்லூரிக்கு இப்போது வாய்க்குள் விட்டுப் பல்லை அப்படியே படம் எடுக்கும் ஸ்கேனரும், பல் உறையைத் தானே கடைந்து கொடுக்கும் மெஷினும் வந்திருக்கின்றன. இனி எல்லாம் மெஷின்தான் என்றால் நான் ஏன் ராத்திரி முழுக்க மெழுகோடு மல்லுக்கட்ட வேண்டும்? பேசாமல் விட்டுவிடலாமா? வீட்டில் சொல்லவில்லை. அம்மா வேறு பல மாதமாகக் கடைவாய்ப் பல் வலியோடு கிராம்பை அடக்கிக்கொண்டு, "நீ டாக்டராகி வா, உன்கிட்டதான் பல்லைக் காட்டுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்லவேளை, இப்போது வலி தானாக நின்றுவிட்டதாம், அந்தக் கவலை விட்டது. எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: மெழுகை அப்புறம் பார்ப்போம். "நல்லவேளை, வலி தானாக நின்றுவிட்டது" என்று எழுதியிருக்கிறாயே, பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண் எழுதுகிற வரியா அது? முதல் வருஷம் ரெக்கார்டு நோட்டில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பென்சில் சீவிச் சீவி வரைந்தாயே, வெளியே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் ரத்தக்குழாயும் நரம்புமாக பல்ப், அந்தப் படத்தை மார்க் வாங்கியதும் மூடி வைத்துவிட்டாயா? மாதக்கணக்கில் வலித்த பல் வைத்தியமே இல்லாமல் ஒருநாள் சும்மா இருக்கிறது என்றால் சொத்தை ஆறிவிட்டது என்று நினைக்காதே, குழி விழுந்த சொத்தை தானாக ஆறாது. பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும், அதனால்தான் வலி தெரியவில்லை. கிருமி வேர் வழியாக எலும்புக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லாக இருந்தால் அது தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் பரவி, மூச்சையே அடைக்கிற அளவுக்கு வீங்கவும் கூடும். லட்விக்ஸ் ஆஞ்சைனா என்று உன் புத்தகத்திலேயே இருக்கிறது. வகுப்பில் நடத்தும்வரை காத்திருக்காதே, இன்றைக்கே எடுத்துப் படி.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறார்கள், எனக்கு வரவில்லை, விட்டுவிடவா என்று. தேற்றி எழுதுவேன் என்று நீயும் எதிர்பார்த்திருப்பாய். எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் உன் கடிதம் முழுக்க உன் கை, உன் மெஷின், உன் ராத்திரி. அம்மாவுக்குக் கடைசியில் ரெண்டு மூன்று வரி, அதுவும் கவலை விட்டது என்று சொல்வதற்காக.

"நீ டாக்டராகி வா" என்று அம்மா சொல்வது பாசம். அதைக் கேட்டுக்கொண்டு நீ சும்மா இருந்தது பாசம் இல்லை. நாலு வருஷப் படிப்பு, அதற்குமேல் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், நீ கணக்குப் போட்டுப் பார், அந்தப் பல் அதுவரைக்கும் பொறுக்குமா? விடியுமுன் படகேறித் தீவுப்பக்கம் போய், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிடுங்குகிற பெண்கள், பாறை கிழித்த அதே கையோடு வீட்டுக்கு வந்து உலை வைக்கிறார்கள். வலியை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் நல்ல தாய்க்கு அழகு என்று நம் ஊரில் பழக்கி வைத்திருக்கிறார்களே, அதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. படித்த பெண் நீயும் அதற்குத் தலையாட்டினால் எப்படி?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பல் மருத்துவக் கல்லூரியில்தான் நீ இருக்கிறாய். அங்கே புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, வெளியே ஆகிற செலவில் கொஞ்சம்தான் ஆகும், பேராசிரியர்கள் பக்கத்திலேயே நின்று பார்ப்பார்கள். ஊரெல்லாம் வந்து வாயைத் திறக்கிற அந்த நாற்காலியில் உன் அம்மாவை உட்கார வைக்க உனக்கு ஏன் தோன்றவில்லை? பாசி எடுக்கிற அம்மா, தோழிகள் பார்ப்பார்கள் என்ற கூச்சமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படி இல்லை என்றால் ரொம்ப சந்தோஷம். அப்படித்தான் என்றால், பெற்றவளை மறைத்து வைத்துப் படிக்கிற படிப்பு எதற்கு, தாயி?

சரி, மெஷின். அம்மாவின் பல்லைக் காப்பாற்ற முடியும் என்று எக்ஸ்ரேயில் தெரிந்தால் வேர் சிகிச்சை செய்வார்கள், பிறகு உறை போடுவார்கள். ஏரோட்டாரால் பல்லைத் திறப்பது கை. ஃபைல் என்கிற ஊசி மாதிரி மெல்லிய அரத்தை வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்யும்போது எவ்வளவு ஆழம், எங்கே வளைவு என்று உணர்வது விரல். உறைக்காகப் பல்லைச் சுற்றி இழைப்பதும் கைதான். சுவர்கள் மேல்நோக்கி லேசாகக் குறுகி வர வேண்டும், எங்கேயாவது உள்வாங்கி அன்டர்கட் விழுந்தால் உறை சரியாக உட்காராது. ஸ்கேனர் இத்தனைக்கும் அப்புறம்தான் வாய்க்குள் வரும், வந்து நீ வெட்டியதைத்தான் காட்டும், நீ ஓரத்தைப் பிசிறாக விட்டிருந்தால் அந்தப் பிசிறைத் திரையில் பெரிதாக்கிக் காட்டும். கடைந்து வந்த உறை கடிக்கும்போது ஒரு முனையில் தூக்கலாக இருந்தால் எந்த மேட்டை எவ்வளவு தேய்ப்பது என்று சொல்லவும் பல்லின் மேடும் பள்ளமும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் அந்த மெழுகு. உன் அண்ணன் போகிற படகில் ஜி.பி.எஸ். வந்துவிட்டது என்று வலை இழுக்கிற ஆளை யாராவது இறக்கிவிட்டார்களா?

கை நடுக்கத்துக்கு வருகிறேன். ஏரோட்டாரின் கைப்பிடியை அந்தரத்தில் பிடித்தால் யாருக்கும் நடுங்கும். பேனா பிடிக்கிற மாதிரி பிடித்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிவிட்டு அப்புறம் காலால் பெடலை மிதி. நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான் அது, அழுத்தாதே, தொட்டுத் தொட்டு எடு, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொள். தண்ணீர் இல்லாமல் வெட்டினால் சூடு பல்ப் வரை போகும். பொம்மைத் தலை கத்தாது, நாக்கை நீட்டாது, எச்சில் விழுங்காது, அதனால்தான் தப்பையெல்லாம் அங்கேயே செய்து முடிக்கச் சொல்கிறார்கள். 2020-இல் வந்த ஒதுக்கீட்டில் உள்ளே போனவள் நீ, உன் கட்டணத்தை அரசாங்கம் கட்டுகிறது, அது ஊர்ச் சனங்களின் பணம், உன் அம்மா வாங்குகிற தீப்பெட்டியின் வரியும் அதில் இருக்கிறது. கை நடுங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்த இடத்தைக் காலி செய்ய உனக்கு உரிமை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. இன்று ராத்திரியே வீட்டுக்குப் போன் போடு. முகம் வீங்கியிருக்கிறதா, வாய் முழுசாகத் திறக்கிறதா, விழுங்கச் சிரமமா, காய்ச்சல் உண்டா என்று கேள். ஒன்றுக்காவது ஆமாம் என்றால் உன் கல்லூரி வரை இழுத்தடிக்க வேண்டாம், அண்ணனோடு உடனே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பச் சொல். இல்லையென்றால் இந்த வாரமே வண்டியேற்றி உன்னிடம் வரவழை. தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து 61 நாளைக்கு விசைப்படகு போகாது, கையில் காசு இல்லை, அப்புறம் வருகிறேன் என்பார். கேட்காதே. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல், இருந்தால் பல்லில் கிருமி இன்னும் வேகமாகப் பரவும். நாற்காலியில் அவர் உட்காரும்போது நீ வராந்தாவில் நிற்காதே. உள்ளே போ, சீனியர் விட்டால் எச்சிலை உறிஞ்சுகிற சக்‌ஷன் குழாயை நீயே பிடி, அந்தப் பல்லின் எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி வேர் நுனியைப் பார். அதற்கப்புறமும் படிப்பை விடத் தோன்றினால் எழுது, பதில் போடுகிறேன்.