திறமூலக் கம்பைலர் ஒன்றின் புதிய பதிப்பை வெளியிடும் முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

கேட்டிருப்பவர் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கும் வசதியோடு ஒரு சின்னக் கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) எழுதியிருக்கிறார்கள். அதன் 0.1 பதிப்பை அடுத்த மாதம் வெளியிடப் போகிறார்களாம். "டெஸ்ட் எல்லாம் பச்சையாகத்தான் வருகிறது, இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்கிறார். பச்சை என்றால் சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன என்று அர்த்தம்.

நிறையப் பாக்கி இருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்துகொண்டு, ஒரு சின்னத் திறமூலக் கம்பைலருக்கு 2017 முதல் ரிலீஸ் வேலையை நான்தான் பார்க்கிறேன். சம்பளம் கிடையாது. பெயரைச் சொன்னால் விளம்பரம் போல ஆகிவிடும், விடுங்கள்.

முதல் வேலை, நிறுத்துவது. எங்கள் அப்பா சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னாலேயே மடையை அடைத்து, வயலில் நிற்கிற தண்ணீரை வடித்துவிடுவார். வயல் காயாவிட்டால் டயர் மிஷின் உள்ளே இறங்காது, பெல்ட் மிஷினுக்குத்தான் போக வேண்டும், அதற்கு வாடகை கூட. அந்தப் பத்து நாளில் யார் வந்து "இன்னும் ஒரு தண்ணி குடிக்கும் போல இருக்கே" என்றாலும் மடையைத் திறக்க மாட்டார். வெளியீட்டுக்கென்று நிரலின் தனிக் கிளையை, அதாவது ரிலீஸ் பிராஞ்சை, பிரித்த நாளிலிருந்து நீங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். புது வசதிகள் மெயின் பிராஞ்சோடு நிற்கட்டும். ரிலீஸ் பிராஞ்சுக்குள் பிழைத்திருத்தம் மட்டும் வரலாம், அதுவும் ஒருவர் எழுதி இன்னொருவர் படித்த பிறகு.

பெரிய திட்டங்களும் இதைத்தான் செய்கின்றன. சி போன்ற மொழிகளுக்கான பெரிய திறமூலக் கம்பைலரான ஜி.சி.சி.யில் ஸ்டேஜ் 1 என்றால் புதுச் சரக்கு வரலாம், ஸ்டேஜ் 3 என்றால் பொதுவான பிழைத்திருத்தம், ஸ்டேஜ் 4 வந்துவிட்டால் முன்பு ஓடி இப்போது உடைந்ததைச் சரிசெய்வதும் ஆவணங்களும் மட்டும்தான். (இரண்டு எங்கே என்று கேட்காதீர்கள், அது எப்போதோ கழன்றுவிட்டது.) முதல் நிலைப் பிழைகளின் கணக்கு பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகுதான் வெளியீடு, பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில். ரஸ்ட் மொழி ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது. ஒரு வசதி தவறினால் யாரும் அழுவதில்லை, இந்த பஸ் போனால் அடுத்த பஸ். கோ மொழி பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், ஏறக்குறைய நம் தை, ஆடிக் கணக்கு. நாலு பேர் இருக்கும் திட்டத்துக்கு ஆறு வாரம் கட்டுப்படியாகாது, வருடத்துக்கு இரண்டு போதும். நாங்கள் தை மாதத்தில் மட்டும் வைப்பதில்லை, நான் வயலில் நிற்பேன்.

இவ்வளவு பேசுகிற நானே ஒரு முறை மடையைத் திறந்துவிட்டேன். எங்கள் 0.6 பதிப்பு வெளியாக இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பேட்ச், அதாவது நிரலில் ஒரு சின்ன மாற்றம், வந்தது. இரண்டே வரி. முழு எண்ணை இரண்டால் வகுக்கும் இடத்தில், வகுத்தலுக்குப் பதிலாக, எண்ணின் இரும வடிவத்தை ஒரு பிட் (ஓர் இலக்கம்) வலப்பக்கம் தள்ளுவது. வேகம் கூடும். படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் பட்டது. டெஸ்டும் பச்சை. சேர்த்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார். சர்வே வேலை பார்ப்பவர், வயதில் மூத்தவர், வாய்க்கால் மட்டம் கணக்கிட நம் கம்பைலரில்தான் ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறார். மேட்டுப் பக்கம் பிளஸ், பள்ளத்துப் பக்கம் மைனஸ் என்று சென்டிமீட்டரில் போடுவார்.

"தம்பி, மேட்டுக்கெல்லாம் கரெக்டா வருது. பள்ளத்துக்கு மட்டும் சில எடத்துல ஒரு சென்டிமீட்டர் கூட எறங்குது. மூணு நாளா என் கணக்கத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கிறேன்."

கேட்ட உடனே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் மொழியில், சி மொழியைப் போலவே, மைனஸ் 7-ஐ இரண்டால் வகுத்தால் பின்னத்தை உதறிவிட்டு மைனஸ் 3 வர வேண்டும். பிட்டைத் தள்ளினால் மைனஸ் 4 வரும். பிளஸ் எண்களிலும் இரட்டை எண்களிலும் இரண்டு வழியும் ஒரே விடைதான். மைனஸும் ஒற்றைப்படையும் சேர்ந்தால் மட்டும் பிசகும். எங்கள் டெஸ்டில் இருந்த வகுத்தல் எல்லாம் பிளஸ் எண்கள். திருத்தம் எளிது: எண் மைனஸாக இருந்தால் தள்ளுவதற்கு முன் ஒன்றைக் கூட்டிவிட வேண்டும். 0.6.1 அன்று இரவே போய்விட்டது.

ஆனால் அவருடைய அந்த மூன்று நாள் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மற்ற மென்பொருள் தப்பு செய்தால் பயன்படுத்துகிறவர் மென்பொருளைத் திட்டுவார். கம்பைலர் தப்பு செய்தால் தன்னைத்தான் சந்தேகப்படுவார். அதனால்தான் டெஸ்ட் பச்சை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் எழுதிய டெஸ்டில் நீங்கள் யோசித்த தப்புகள்தான் இருக்கும். யூட்டா பல்கலைக்கழகத்தில் சிஸ்மித் என்று ஒரு கருவி செய்தார்கள். தாறுமாறான, ஆனால் இலக்கணப்படி சரியான சி நிரல்களை அதுவே எழுதும். அவற்றைப் பல கம்பைலர்களில் ஓட்டி விடைகள் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பார்கள். 2011-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, அதுவரை யாரும் அறியாத 325-க்கும் மேற்பட்ட பிழைகள் அதில் மாட்டின. உங்கள் மொழிக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். எண்களையும் அடைப்புக்குறிகளையும் கண்டபடி கோத்து ஆயிரக்கணக்கில் கணக்குகள் செய்யும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அதே கணக்கின் விடையைப் பைத்தானிலும் வாங்கி ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பைத்தானில் இரட்டைச் சாய்கோடு போட்டு வகுத்தால் மைனஸ் 7-க்கு மைனஸ் 4 என்றுதான் வரும், அதன் விதி அப்படி. உங்கள் மொழியின் விதி எது என்பதை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

அப்புறம், பிறத்தியார் நிரல்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நெல் ரகத்தை உருவாக்கினால் நிலையத்து வயலில் நன்றாக விளைந்தது என்று அப்படியே வெளியிட்டுவிட மாட்டார்கள். பல ஊர்களில் போட்டுப் பார்ப்பார்கள், கடைசியில் உழவர்கள் வயலிலேயே போட்டுப் பார்ப்பார்கள். உப்புத் தண்ணீரும் எலியும் அங்கேதான் இருக்கின்றன. ரஸ்ட் குழுவிடம் கிரேட்டர் என்று ஒரு கருவி உண்டு. பொதுவில் கிடைக்கும் ரஸ்ட் நிரல்தொகுப்புகளைப் பழைய கம்பைலரிலும் புதியதிலும் ஓட்டி, எது புதிதாக உடைகிறது என்று சொல்லும். உங்களிடம் அவ்வளவு நிரல்கள் இருக்காது. ஆனால் உங்கள் மொழியில் எழுதுகிற பத்துப் பேரைக் கெஞ்சியாவது அவர்கள் நிரல்களை வாங்கி வையுங்கள். ரிலீஸ் கேண்டிடேட்டை (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை) டேக் செய்து, அதாவது பதிப்புப் பெயர் குறித்து, அந்தப் பத்தையும் ஓட்டி, ஒரு வாரம் சும்மா இருங்கள். அந்த ஒரு வாரம் கை துறுதுறுக்கும், எதையும் தொடாதீர்கள்.

கம்பைலர் தன்னையே கம்பைல் செய்யும் நிலைக்கு நீங்கள் இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். வந்தால் ஜி.சி.சி. வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய கம்பைலரால் புதியதைக் கட்டு (கம்பைல் செய்), அதால் மறுபடி கட்டு, அதாலும் ஒரு முறை கட்டு. இரண்டாவதும் மூன்றாவதும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு முதல் முறை ஒத்துவரவே இல்லை. இரண்டு நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால், பதிப்பு எண்ணோடு கட்டிய நேரத்தையும் நிரலுக்குள் பதித்து வைத்திருந்தோம். ஒவ்வொரு முறை கட்டும்போதும் நேரம் மாறுமே, பைட் எப்படி ஒத்துவரும்.

இனித் தமிழ் விஷயம். உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். "கும்பகோணம்" என்று ஒரு மாறிக்குப் பெயர் வையுங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் பத்துக் குறியீடுகள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் குறியீட்டுக்கு மூன்று பைட், ஆக முப்பது பைட். பிழைச் செய்தியில் "இந்த இடத்தில் தப்பு" என்று கீழே ஓர் அம்புக்குறி போடுவீர்கள் அல்லவா, அதை பைட்டை எண்ணிப் போட்டால் வரியைத் தாண்டி எங்கோ போய் நிற்கும். பார்ப்பவர் அடுத்த வரியில் தப்பைத் தேடுவார்.

அது அழகுப் பிரச்சினை. இன்னொன்று அர்த்தத்தையே மாற்றும். "கோ" என்பதில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்த்து இரண்டாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கம்பைலருக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஒருவர் லேப்டாப்பில் அறிவித்த மாறியை இன்னொருவர் வேறு கீபோர்டில் எழுதினால் "இப்படி ஒரு மாறியே இல்லை" என்று வரும். பெயர்களைப் படித்த உடனேயே பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே குறியீடாக்கும், யூனிகோட் சொல்லும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். 2021-ல் ஆங்கிலமல்லாத பெயர்களை அனுமதித்தபோது ரஸ்ட் இதைத்தான் செய்தது. பைத்தான் 3 இன்னும் ஒரு படி கறாரான வடிவத்துக்கு மாற்றுகிறது. கோ மொழியிலோ பெயருக்குள் உயிர்க்குறியும் புள்ளியும் வரவே முடியாது. "கும்பகோணம்" முதல் எழுத்திலேயே தடுக்கி விழும்.

ஆனால் "ஔ" எழுத்தை இந்த மாற்றம் காப்பாற்றாது. பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து அதை ஔ என்று நினைத்துக்கொள்கிறார்கள். யூனிகோடுக்கு அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள், எந்த வடிவ மாற்றமும் அவற்றை இணைக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டையும் ஒன்றாக்க முயல மாட்டேன், சந்தேகமான இடத்தில் எச்சரிக்கை மட்டும் கொடுப்பேன். எதுவானாலும் 0.1-க்கு முன்பே முடிவு செய்யுங்கள். பிற்பாடு இந்த விதியை மாற்றினால், நேற்று ஓடிய நிரல் இன்றைக்கு வேறு விடை தரும்.

எண்ணிடுவது பற்றி நீளமாக ஒன்றும் இல்லை. பதிப்பு எண் பூஜ்ஜியத்தில் தொடங்குகிற காலம் வரை யாரும் உங்களிடம் நிலைத்தன்மை எதிர்பார்க்க மாட்டார்கள். 1.0 என்றால் அது வாக்குறுதி. கோ மொழி 2012-ல் கொடுத்ததை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மாற்றக் குறிப்பில் எது உடையும் என்பதை முதலில் எழுதுங்கள், எது புதிது என்பதைப் பிறகு. ஒரு முறை வெளியே போன எண்ணை ஒருபோதும் அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி டேக் செய்யாதீர்கள், வெட்கப்படாமல் அடுத்த எண்ணைப் போடுங்கள்.

கடைசியாகச் சாவி, அதாவது வெளியீடு நம்முடையதுதான் என்று காட்ட டிஜிட்டல் கையெழுத்திடும் ரகசியக் கோப்பு. 2018 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை 0.4 வரும் என்று அறிவித்திருந்தோம். 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. கொல்லையில் இருந்த தென்னையில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது, கம்பங்கள் எல்லாம் ரோட்டில் கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினேழு நாள் ஆனது. வெளியீட்டில் கையெழுத்திடும் சாவி என் லேப்டாப்பில் மட்டும் இருந்தது, எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பது என் தலையில் மட்டும் இருந்தது. மற்ற மூன்று பேரும் வெவ்வேறு ஊர்களில் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொட்டியில் தண்ணீர் ஏற்றும்போது, போன்களோடு போனாக என் லேப்டாப்பையும் சொருகினேன். "ஊரே இருட்டுல கெடக்கு, இவனுக்கு ரிலீசாம்" என்று சித்தப்பா சொன்னது நியாயம்தான். சிக்னல் வேறு இல்லை. டிசம்பரில்தான் வெளியிட்டோம்.

அதற்குப் பிறகு இரண்டு பேரிடம் ஆளுக்கொரு சாவி, படிகள் எல்லாம் ஒரே ஸ்கிரிப்டாக, நிரல்கள் இருக்கும் ரெப்போவுக்குள். ஒவ்வொரு முறையும் வேறொருவர்தான் அதை ஓட்டுவார், நான் பக்கத்தில் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன். 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் வந்தபோது இன்னொன்றும் சேர்த்தோம். அதில் கிட் ரெப்போவில் இல்லாத ஒரு பில்டு கோப்பை, வெளியீட்டுப் பொதிக்குள் மட்டும் வைத்துத்தான் கள்ளக்கதவைத் திறந்திருந்தார்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதை ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தள டெவலப்பர் கவனித்ததால்தான் பிடிபட்டது. இப்போது எங்கள் பொதியை ஒரே டேக்கிலிருந்து இரண்டு பேர் இரண்டு கணினிகளில் கட்டுகிறோம். ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒத்துவந்தால்தான் ஏற்றுவோம். அந்தக் கட்டிய நேரத்தை நிரலிலிருந்து தூக்கியது இதற்கும் உதவியது.

உங்கள் தேதியை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். ரிலீஸ் கேண்டிடேட் போட்டதும் இந்தப் பதிலின் கீழே சொல்லுங்கள். என்னிடம் ஒரு பழைய 32-பிட் லேப்டாப் கிடக்கிறது, உங்கள் நாலு பேர் கணினியும் 64-பிட்டாகத்தான் இருக்கும். அதில் கட்டிப் பார்த்துவிட்டு, சர்வேக்கார அண்ணனிடமும் ஒரு பிரதி கொடுக்கிறேன். மைனஸ் எண் அவரிடம் நிறைய இருக்கிறது.