டீச்சரிடம் கேளுங்கள்: நம்ம ஏரியா பிள்ளைகள் ஆசிரியராக என்ன வழி?

கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். ஆசிரியர் சங்கத்திலும் பொறுப்பில் இருந்தேன். சம்பளப் பேச்சு வந்தால் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடுங்கையூர், ப்ளஸ் டூ மாணவி: சின்னப் பசங்களுக்குப் பாடம் எடுக்க ஆசை, டீச்சர். டிகிரி முடித்து பி.எட். போனால் போதுமா?

போதாதும்மா. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்க டி.எல்.எட். என்ற இரண்டு வருஷப் பட்டயம்தான் வேண்டும். பி.எட். வைத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போக முடியாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டயம் முடித்ததும் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். 150 கேள்வி, பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம், அதாவது 90 மார்க். மற்ற பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு, அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள். ஒருமுறை தேறினால் ஆயுள் முழுக்கச் செல்லும்.

டெட் பாஸ் ஆனால் வேலை நிச்சயம் என்று கோச்சிங் சென்டர்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வா. 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு டெட் தேறியவர்களும் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும்.

புளியந்தோப்பு, ஆட்டோ ஓட்டுபவர்: பொண்ணு டெட் பாஸ் பண்ணிட்டா. பிரைவேட் ஸ்கூல்ல எட்டாயிரம் தர்றாங்க. விட்டுட்டு சூப்பர் மார்க்கெட் பில்லிங்குக்குப் போறேங்கறா. என்ன சொல்றதுன்னே தெரியல.

அண்ணே, வந்த கேள்விகளிலேயே பெரிய கேள்வி இதுதான். வடசென்னையில் டீச்சராகும் தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் பஞ்சம் இல்லை. டெட்டுக்கும் வேலை ஆர்டருக்கும் நடுவில் இருக்கும் வருஷங்களில் கழன்றுகொள்கிறார்கள். 2013-ல் டெட் தேறியவர்கள் வேலை கேட்டு எத்தனை முறை உட்கார்ந்து போராடினார்கள் என்பது ஊருக்கே தெரியும். அப்பா நாலு வருஷம் உட்கார வைத்துச் சோறு போடும் வீட்டுப் பிள்ளை காத்திருக்கும். வீட்டு வாடகையில் பாதி தானே கட்டும் பிள்ளை பில்லிங்குக்குத்தான் போகும். அதைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

செய்யக்கூடியது இரண்டு. அரசுப் பள்ளிகளில், பெரும்பாலும் பெற்றோர் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் எடுக்கிறார்கள். 2022-ல் இடைநிலை ஆசிரியருக்கு, அதாவது ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவருக்கு, 7,500 ரூபாயில் ஆரம்பித்து, பிறகு 12,000 ஆக்கினார்கள். டெட் தேறியவர்களுக்கு முன்னுரிமை. நிரந்தரம் ஆகும் என்று கனவு காண வேண்டாம், அந்தக் கூலியும் நியாயமானது இல்லை. ஆனால் கையில் சாக்பீஸ் இருக்கும், பழக்கம் விட்டுப்போகாது. இரண்டாவது, தனியாகப் படிக்க விடாதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து கொளத்தூர் முதல்வர் படைப்பகம் மாதிரி, சேர்ந்து படிக்க வசதியுள்ள இடத்தில் உட்காரட்டும். ஆளுக்கு ஒரு பாடம் எடுத்து மற்றவர்களுக்கு நடத்தட்டும். உளவியல் பாடத்தை மனப்பாடம் செய்கிறவர்களைவிட, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்தான் தேறுகிறார்.

சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உள்ளே வந்தவர்களுக்காக மட்டும் கொடி பிடித்தால், வாசலில் நிற்பவர்களுக்கு யார் பேசுவது? போட்டித் தேர்வு எந்த மாதம், எத்தனை இடம் என்று வருஷாவருஷம் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லி எழுதுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டீக்கு முன்னால் ஆமோதிப்பார்கள், டீக்குப் பின்னால் மறந்துவிடுவார்கள்.

காசிமேடு, படகுத் தொழிலாளி: யார் எடுத்தா என்ன, நல்லா எடுத்தா சரிதானே? அதுல என்ன நம்ம ஏரியா ஆளு?

சரி, உங்கள் பக்கத்துக் கதையே சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. பள்ளி திறப்பதும் ஜூன்தான். வீட்டில் கை வறண்டு கிடக்கும் அந்த வாரத்தில் ஃபோட்டோ காசு, டைரி காசு என்று வகுப்பில் பெயர் வாசித்துக் கேட்டால் பிள்ளை மறுநாள் வராது. மீன் விற்ற அம்மாவின் மகளாக வளர்ந்து டீச்சரான ஒரு பெண் என்னோடு வேலை பார்த்தாள். ஜூலைக்கு முன்னால் காசு என்ற பேச்சையே எடுக்க மாட்டாள். விடியற்காலை ஏலத்துக்கு அம்மாவோடு போய்விட்டு வந்து முதல் பீரியடில் தூங்கும் பையனை அவள் எழுப்பியதும் இல்லை, திட்டியதும் இல்லை. இரண்டாவது பீரியடில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்க விடுவாள். வெளியூர் டீச்சரும் இதைக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் யாராவது சொல்ல வேண்டும். ஒரே ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேரும் இருந்தால் அது தானாக நடக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏரியா ஆள் என்பதாலேயே நல்லவர் ஆகிவிட மாட்டார். ஏரியாவின் சாதிக் கணக்கும் அவரோடு வகுப்புக்குள் வரும். 69 சதவீத இடஒதுக்கீடு மாநில அளவில் எல்லோரையும் உள்ளே கொண்டுவருகிறது. எந்தப் பள்ளிக்கு யார் வருகிறார் என்பது கலந்தாய்வில் முடிவாகும். ஆகவே கலவையாக ஆட்கள் இருப்பதுதான் நல்லது.

கொருக்குப்பேட்டை, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்: நடுநிலைப் பள்ளியில் கணக்குக்கு ஆளே இல்லை. மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

மனு என்று கொடுத்தால் மனுவோடு மனுவாகப் போகும். தீர்மானமாகக் கொடுங்கள். மாதக் கூட்டத்தில் தீர்மானப் பதிவேட்டில் எழுதி, வந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நகலை மண்டல அலுவலகத்திலும் கவுன்சிலரிடமும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். "கணக்கு டீச்சர் வேண்டும்" என்று எழுதாதீர்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படி ஆறு முதல் எட்டு வரை எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், எந்தத் தேதியிலிருந்து கணக்குப் பாடம் நடக்கவில்லை, இதை எழுதுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அதில் அறிவியலும் கணக்கும் எடுக்க ஒருவராவது இருக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. அந்த வரியைக் குறிப்பிடுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதமும் போடுங்கள்.

தலைமையாசிரியரை எதிரியாக்காதீர்கள். அவர் நேரடியாகக் கேட்டால் விளக்கம் கேட்டு மெமோ வரலாம், பெற்றோர் கேட்டால் வராது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிள்ளைகள், ஆசிரியர் எண்ணிக்கையை அவர் எடுத்துக் கொடுக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

வண்ணாரப்பேட்டை, இடைநிலை ஆசிரியை: பல வருஷ சர்வீஸுக்கு அப்புறம் நானும் டெட் எழுதணுமா மேடம்?

2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டும். அதற்குக் குறைவாக இருப்பவர்கள் வேலையில் தொடரலாம், டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகள் விஷயம் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. சங்கம் வழக்கைப் பார்க்கட்டும், நீங்கள் புத்தகத்தைப் பாருங்கள். 2009 ஜூனிலிருந்து சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 8,370-க்குப் பதில் 5,200 என்று ஆனபோதும் தீர்ப்புக்காகவும் ஆணைக்காகவும் காத்திருந்து தலை நரைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திருவொற்றியூர், பி.எட். முடித்த திருநங்கை: எனக்கு யார் வேலை தருவார்கள், அம்மா?

வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று திருநர் உரிமைகளுக்கான 2019 சட்டம் இருக்கிறது, உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பும் இருக்கிறது. தேர்வுக்கு விண்ணப்பிப்பதில் தயங்காதே கண்ணு. சிரமம் ஸ்டாஃப் ரூமில்தான் வரும். பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். சேர்ந்த முதல் வாரமே சங்கத்தில் உறுப்பினராகிவிடு. கழிவறையில் ஆரம்பித்து வருகைப் பதிவேட்டுப் பெயர் வரை எதற்கும் தனியாக நின்று பேச வேண்டியிருக்காது.

மணலி, தன்னார்வலர்: ஒடியா பேசும் தொழிலாளர் பிள்ளைகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

பழைய வண்ணாரப்பேட்டையில் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகளை வைத்து நாங்கள் செய்ததுதான். அந்தக் குடியிருப்பில் பத்தாவது வரை படித்த ஓர் அக்கா நிச்சயம் இருப்பாள். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பில் வந்து உட்கார அவளைக் கூப்பிடுங்கள். மேலாண்மைக் குழுவில் சொல்லி, பஸ் காசாவது கொடுங்கள். அவளுக்குப் படிப்பைத் தொடர விருப்பம் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிடலாம்.