தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?

கேள்வி: குண்டு வைக்கிறவனுக்கு எதற்கு ஜாமீன், வக்கீல், மனித உரிமை எல்லாம்? சட்டம் கடுமையாக இருந்தால்தானே நாட்டுக்குப் பாதுகாப்பு? தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: குண்டு வைத்தவன் இவன்தான் என்று யார் முடிவு செய்தது? போலீஸ் பிடித்த அன்றே அது முடிவாகிவிட்டதாக எடுத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு போலீஸ்காரர்களும் கட்சிக்காரர்களும் செத்துப்போனார்கள். அதற்காக வந்த கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. வழக்கு தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் நடந்தது. போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கும் விதி. அடித்து வாங்கியிருக்கலாம் அல்லவா? தடா அந்த விதியை எடுத்துவிட்டது. எஸ்.பி. அந்தஸ்தில் ஒருவர் பதிவு செய்தால் போதும். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. தடாவில் ஹைகோர்ட் அப்பீல் கிடையாது, நேராக டெல்லிக்குத்தான் போக வேண்டும். 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட் 19 பேரை விடுவித்தது. அவர்களில் சிலர் மேல் சின்னக் குற்றங்கள் நின்றன. அதற்கான தண்டனையைவிட அதிக காலம் ஏற்கெனவே உள்ளே இருந்துவிட்டார்கள். 26 கயிறுகளில் 19 தப்பான கழுத்துக்கு! சுப்ரீம் கோர்ட் வரை வழக்கு நடத்த ஆள் இல்லாமல் போயிருந்தால்?

தடா குற்றமே இந்த வழக்கில் நிரூபணமாகவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றது. பிடிபட்டபோது 19 வயதான பேரறிவாளனுக்குத் தூக்கு உறுதியானது அப்படித்தான். குண்டுக்குப் பயன்பட்டதாகப் போலீஸ் சொன்ன பேட்டரியை வாங்கியது எதற்கென்று தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, வாக்குமூலம் பதிவு செய்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே மாதம். இடையில் போனது 31 வருஷம்.

சரி, தடா 1995இல் காலாவதியானது, அதே மாதிரி பின்னால் வந்த பொடா சட்டமும் 2004இல் போனது, இப்போது என்ன என்பீர்கள். இப்போது யு.ஏ.பி.ஏ. என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. போலீஸ் வாக்குமூலம் அதில் செல்லாது, அந்த மட்டும் நல்லது. ஆனால் குற்றப்பத்திரிகை போடாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம். போலீஸ் தரும் காகிதங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நீதிபதிக்குத் தோன்றினால் ஜாமீன் இல்லை. அந்தக் காகிதம் பொய்யா என்பது விசாரணையில்தானே தெரியும்? விசாரணை தொடங்கவே வருஷக்கணக்காகிறது. உங்கள் மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி இந்தச் சட்டத்தில்தான் 2020 அக்டோபரில் கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. உறிஞ்சிக் குடிக்க ஒரு குழாய் வேண்டும் என்று கோர்ட்டுக்கு மனுப் போட்டார். 2021 ஜூலையில், ஜாமீனுக்குக் காத்திருக்கும்போதே, 84 வயதில் இறந்தார். விசாரணை தொடங்கவே இல்லை. அவர் குற்றவாளியா இல்லையா என்பதை இனி எந்தக் கோர்ட்டும் அவர் முன்னால் சொல்ல முடியாது.

பாதுகாப்பு என்கிறீர்களே, 2008இல் பத்துப் பேர் கடல் வழியாக மும்பைக்குள் வந்து 166 பேரைக் கொன்றது சட்டம் இளகியதாலா? கடலோரக் காவல் ஓட்டையாக இருந்தது. துப்பாக்கிக்கு எதிரே லத்தியோடு நின்ற போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே, உயிரைக் கொடுத்து அந்தப் பத்துப் பேரில் ஒருவனான கசாபைப் பிடித்தார். அந்த கசாபுக்கு கோர்ட்டே வக்கீல் வைத்தது. அவன் வாக்குமூலம் மாஜிஸ்திரேட் முன்னால் பதிவானது. நேரில் பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள், எடுத்த படங்கள் கோர்ட்டுக்கு வந்தன. அவன் தப்பித்தானா? 2012 நவம்பரில் தூக்கிலிட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. அவனோடு கூட்டுச் சதி என்று போலீஸ் நிறுத்திய இந்தியர்கள் இருவரை, கசாபைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த அதே நீதிபதி அதே நாளில், ஆதாரம் போதாது என்று விடுவித்தார். சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது.