ஸ்டிக்கரில் 200 ஆம்ப், சுவரில் 16 ஆம்ப்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் வீடு. ரோட்டிலிருந்து எழுபது படி இறங்க வேண்டும். கோழிக்கூண்டு, பூந்தொட்டி ஸ்டாண்டு, படிக்கு ஒரு கைப்பிடி, கை பழகினால் ஒரு கேட், இதையெல்லாம் நானே செய்து பார்க்க ஆசை. இதுவரை வெல்டிங் ராடைக் கையால் தொட்டதில்லை. கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. கடையில் 200 ஆம்ப் எடு, 250 எடு என்கிறார்கள். தெரிந்த பட்டறைக்காரர் தன்னுடைய பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினைச் சல்லிசாகத் தருகிறேன் என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: பட்டறைக்காரரிடம் நன்றி சொல்லி விலகிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய மெஷின் உழைப்பில் சளைக்காதது, ஆனால் பட்டறை மெஷின்கள் பெரும்பாலும் இரண்டு ஃபேஸில் ஓடுபவை. உங்கள் வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸாக இருக்கும். அதோடு அதை எழுபது படி இறக்க நாலு ஆள் வேண்டும், ரிப்பேருக்கு ஏற்ற மறுபடி நாலு ஆள்.

நீங்கள் வாங்க வேண்டியது இன்வெர்ட்டர் வகை ஆர்க் மெஷின். (கரண்ட் போனால் விளக்கெரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.) ஒரு கையில் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிடலாம்.

இனி அந்த 200 ஆம்ப் கதை. மெஷினில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்க்கும் முன் உங்கள் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். வீட்டில் பெரிய பாயின்ட் என்றாலே 16 ஆம்ப்தான். ராடு முனையில் உண்மையிலேயே 200 ஆம்ப் ஓட வேண்டுமானால் அங்கே சுமார் 28 வோல்ட் இருக்கும், பெருக்கினால் 5,600 வாட். மெஷினுக்குள் வீணாவதையும் சேர்த்தால் 230 வோல்ட் லைனிலிருந்து குறைந்தது 29 ஆம்ப் இழுத்தாக வேண்டும். சின்ன மெஷின்களில் நடைமுறையில் அது 40ஐத் தொடும். ஆகவே 16 ஆம்ப் பிளக் மாட்டி, 200 என்று ஸ்டிக்கர் ஒட்டிய மெஷினில் இரண்டில் ஒன்று பொய்.

உங்களுக்கு 200 தேவையும் இல்லை. கோழிக்கூண்டுக்கும் கைப்பிடிக்கும் 2.5 மி.மீ. ராடு போதும். அது 60 முதல் 90 ஆம்ப்புக்குள் அழகாக ஓடும். 80 ஆம்ப்பில் ஓட்டும்போது சுவரிலிருந்து 13, 14 ஆம்ப்தான் இழுக்கும். அதே பாயின்ட்டில் 3.15 மி.மீ. ராடைப் போட்டு 130 ஆம்ப்புக்குத் திருகினால் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழும்.

கடையில் மெஷினின் பின்புறத்தைத் திருப்பச் சொல்லுங்கள். அங்கே ஒரு பிளேட் இருக்கும். அதில் டியூட்டி சைக்கிள் என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். 140 ஆம்ப், 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த ஆம்ப்பில் ஓட்டலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும். பிளேட்டே இல்லாத மெஷினை, விலை எவ்வளவு இறங்கினாலும், தொடாதீர்கள். பிறகு 3 மி.மீ. பட்டை ஒன்றில் ஒரு முழு ராடை எரித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வர வேண்டும். ஆறியதும் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே மேலே இருக்கும் கசடு ஓடு ஓடாகக் கழன்று விழ வேண்டும். எரித்துக் காட்ட மாட்டேன் என்கிற கடைக்கு உங்கள் பணம் எதற்கு?

என் முதல் மெஷினைக் குன்னூரில் வைத்து ஓட்டியபோது ராடு இரும்பில் ஒட்டுவதும், நான் பிடுங்குவதுமாக ஒரு மத்தியானமே போனது. மெஷின் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். குற்றவாளி நான் போட்டிருந்த முப்பது மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர். அதன் செம்பு ஒரு சதுர மி.மீ. தடிமன்தான். அந்த ஒயர் மட்டுமே 15 வோல்ட்டை விழுங்கும். மலையில் லைன் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு மாலை நேரத்தில் வோல்டேஜ் ஏற்கெனவே இளைத்துத்தான் வந்து சேரும், அதிலும் 15 போனால் மெஷின் என்ன செய்யும்? 2.5 சதுர மி.மீ. ஒயர், முடிந்தவரை குட்டையாக, சுருளைப் பிரித்துப் போட்டு வேலை செய்யுங்கள். சுருட்டியபடி விட்டால் சூடேறி இன்சுலேஷன் உருகும். கேட் செய்கிற அளவுக்குப் போகிற எண்ணம் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து மெயினிலிருந்து 4 சதுர மி.மீ.யில் தனி லைன், தனி எம்.சி.பி. போட்டுவிடுங்கள். பழைய வீடு என்றால் எர்த் இருக்கிறதா என்பதையும் அவரே பார்க்கட்டும்.

பட்ஜெட்டில் பாதிக்குச் சற்று மேல் மெஷினுக்கு, மிச்சம் மற்றதற்கு. தானாக இருளும் கண்ணாடி வைத்த ஹெல்மெட் முதல் செலவு. கையில் பிடிக்கும் பலகைக் கண்ணாடியில் பழகுபவர்கள் ராடு வைக்கும் இடம் தெரியவில்லையே என்று ஒரு நொடி கண்ணாடியை விலக்குவார்கள். அந்த ஒரு நொடிக்கு ராத்திரி இரண்டு மணிக்குப் பதில் வரும், கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி. உருளைக்கிழங்கைச் சீவி வைத்துக்கொள் என்பார்கள், நம் ஊரில் கிழங்குக்கும் பஞ்சமில்லை. அதை வைக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். அடுத்தது 4 இஞ்ச் கிரைண்டர், சக்கரத்தை மறைக்கும் கார்டைக் கழற்றாமல். தோல் கையுறை, பருத்திச் சட்டை, ரப்பர் அடி வைத்த ஷூ.

ராடில் 6013 என்ற வகையை எடுங்கள், ஐ.எஸ். 814 என்ற இந்தியத் தர முத்திரை பார்த்து. பெரிய பாக்கெட் லாபம் என்று வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் மூடுபனியும் மழையும் வாரக்கணக்கில் விடாது. திறந்து வைத்த ராடு ஈரம் குடித்து மேல்பூச்சில் வெள்ளை பூத்துவிடும். அதை எரித்தால் சடசடவென்று தெறிக்கும், வெல்டிங் தையல் முழுக்க ஊசித்துளை. இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். தரை ஈரமாக இருக்கும் நாளில் மெஷினை எடுக்கவே வேண்டாம். ஓட்டாதபோது ராடு முனையில் நிற்கும் வோல்டேஜைக் குறைக்கும் வி.ஆர்.டி. வசதி உள்ள மெஷின் கிடைத்தால், நம் ஊர் ஈரத்துக்குக் கூடுதலாக ஐநூறு, ஆயிரம் கொடுக்கலாம்.

பழகும்போது 3 மி.மீ. பட்டை, ஆங்கிள் துண்டுகளில் பழகுங்கள். எல்லோரும் 16 கேஜ் ஸ்கொயர் டியூபில் ஆரம்பித்து ஓட்டை போட்டுவிட்டு மெஷினைக் குறை சொல்வார்கள். அது 1.6 மி.மீ.தான், அதற்கு 2 மி.மீ. ராடு, 50 ஆம்ப் பக்கம், விட்டு விட்டு. ஜி.ஐ. பைப்பானால் ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெளியில் வைத்து, புகை போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் அடிக்கும்.

கேட்டைப் பற்றி ஒன்று: காட்டெருமை மனசு வைத்தால் என் வெல்டிங்கும் நிற்காது, உங்களுடையதும் நிற்காது.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறேன். மிக் மெஷினில் கற்றுக்கொள்வது சுலபம் என்கிறார்களே, அதையே வாங்கிவிடலாமா?

பதில்: சுலபம்தான், ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி தானாக வரும். ஆனால் உருகும் இடத்தைக் காற்று படாமல் காக்கும் வாயுவுக்குச் சிலிண்டர் வேண்டும், அது தீர்ந்தால் நிரப்ப அலைய வேண்டும், திறந்த வெளியில் ஊட்டிக் காற்று அந்த வாயுவை ஊதித் தள்ளிவிடும். மூடிய ஷெட் இருந்தால் இரண்டாவது மெஷினாக யோசியுங்கள்.

கேள்வி: கூடலூரிலிருந்து எழுதுகிறேன். ஆன்லைனில் 200 ஆம்ப் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வந்த மெஷினின் பிளேட்டில் 120தான். திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன. அந்தப் பக்கம் மாறுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிளேட்டைப் படம் பிடியுங்கள். பில்லோடு சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை மெஷினில் ராடு மாட்டாதீர்கள், அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.