தலைப்பெழுத்துகள் சொல்வது என்ன?

கேள்வி: நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பெயர்களுக்கு முன் மூன்று, நான்கு தலைப்பெழுத்துகள் நிற்கின்றனவே, அவை செல்வ நிலையின் அடையாளமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை, அவை குடிவழியின் அடையாளம். தந்தை, பாட்டனார், அவருக்கும் முந்தையோர் பெயர்களின் சுருக்கங்களே அவ்வாறு வரிசையாக நிற்கின்றன. கல்வி வள்ளல் அழகப்பச் செட்டியாரின் பெயருக்கு முன்னுள்ள 'ராம.' என்பது அவருடைய தந்தையார் இராமநாதன் செட்டியாரைக் குறிக்கும். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், 'விலாசம்' எனப்பட்ட இவ்வெழுத்துகளே கடையின் பெயராகவும் விளங்கியதால், முகம் அறியாதவரும் விலாசத்தைப் பார்த்தே பெருந்தொகையை நம்பி ஒப்படைத்தனர். அந்த நாணயம் போற்றத்தக்கது. ஆயினும் எழுத்துகளை எண்ணி ஒருவரை உயர்வாகவோ தாழ்வாகவோ மதிப்பது எனக்கு உடன்பாடில்லை. சுவீகாரம் (தத்து) போகும் பிள்ளைக்குத் தத்தெடுத்த வீட்டின் தலைப்பெழுத்துகளே உரியவையாகும்.