அழாமல் சொன்னாலும் அது ஆபத்துதானா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில்தான் அவனுக்கு ஆட்டிசம் என்று தெரியவந்தது. வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதத்தில் நின்றுவிட்டான். இப்போது அறையை விட்டு வருவதில்லை. குளிக்கவே பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்றான். அழவில்லை, முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து ரசம் ஊற்றச் சொன்னான். "அவன் அப்படித்தான் பேசுவான், நீ தோண்டிக் கேட்டு இல்லாத எண்ணத்தை உண்டாக்காதே" என்கிறார் என் அண்ணன். கேட்பதா, விடுவதா?

பதில்: கேளுங்கள் அம்மா, இன்றைக்கே. தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவரவில்லை. கேட்டால் பலருக்குப் பாரம்தான் குறைகிறது.

ரசம் கேட்டதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். துயரம் என்றால் கண்ணீரும் கம்மிய குரலும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஆட்டிசம் உள்ள பலருக்கு உள்ளே இருப்பது முகத்துக்கு வருவதில்லை. தனக்குள் நடப்பது சோகமா, களைப்பா, பதற்றமா என்று பிரித்துச் சொல்வதும் சிலருக்குக் கஷ்டம். அதனால்தான் "மனசு சரியில்லையாப்பா?" என்று கேட்டால் "தெரியல" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும்.

நேராகக் கேளுங்கள். "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னியே, சாகணும்னு நினைக்கிறியா?" பதில் வரும்வரை பேசாமல் இருங்கள், கண்ணைப் பார்க்கச் சொல்லாதீர்கள். அப்புறம், "எப்படின்னு யோசிச்சிருக்கியா? அதுக்கு ஏதாவது எடுத்து வெச்சிருக்கியா? இன்னிக்கோ நாளைக்கோ செய்யணும்னு தோணுதா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வாய்விட்டுச் சொல்ல வரவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் கேட்கலாம், அடுத்த அறையிலிருந்தேகூட. பதில் எதுவானாலும் அழுது சத்தியம் வாங்காதீர்கள். அடுத்த முறை மறைக்கத்தான் அது கற்றுக்கொடுக்கும்.

வழியை யோசித்திருக்கிறார், அல்லது செய்யத் தோன்றுகிறது என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டிலிருந்தே அகற்றிவிட்டு, அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது.

உங்கள் அண்ணனுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், பெரியவர்களான பிறகு ஆட்டிசம் வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் என்று கண்டறியப்பட்ட 374 பேரிடம் கேட்ட ஆய்வு 2014இல் வெளியானது. அவர்களில் 66 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. 2016இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு, தற்கொலையால் இறக்கும் ஆபத்து ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகம் என்றது. அதிலும், அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். 'படித்திருக்கிறான், நார்மலாகத்தானே இருக்கிறான்' என்று நாம் நிம்மதியாக விட்டுவிடும் பிள்ளைகள் அவர்கள்தான். அந்த நார்மலுக்குப் பின்னால் நாள் முழுக்க நடிப்பு இருக்கிறது: பிடிக்காத சத்தத்தைப் பொறுத்துக்கொள்வது, மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிப்பது. இப்படி மறைத்து வாழ்வதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதாகப் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. கேலி, வேலையின்மை, தனிமை, மனச்சோர்வு எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

மகனுக்கு இருப்பது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அந்த நான்கு மாத வேலை உறிஞ்சியெடுத்த ஆட்டிசக் களைப்பாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் வரும். களைப்பு என்றால் ஓய்வும் சத்தம் குறைந்த சூழலும்தான் முதல் தேவை. "வெளியே போ, நாலு பேரோட பழகு" என்று தள்ளினால் இன்னும் மோசமாகும். அவருக்கு உயிராக இருந்த ஒரு விஷயம் இருக்குமே, ரயில் அட்டவணையோ வீடியோ கேமோ? அதிலும் ஆர்வம் போய்விட்டது என்றால் மனச்சோர்வைத் தீவிரமாகச் சந்தேகிப்பேன். எதுவானாலும், அந்த ஒரு வாக்கியம் வந்த பிறகு மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. நேராகக் கேட்டதற்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் இந்த வாரமே பாருங்கள்.

மருத்துவரிடம் ஆட்டிசம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கவிளைவுகள் இவர்களில் சிலரைக் கூடுதலாகப் படுத்தும் என்பதால் மருந்தைக் குறைந்த அளவில் தொடங்குவது வழக்கம். ஆரம்ப வாரங்களில் தூக்கமும் படபடப்பும் எப்படி என்று கவனித்துச் சொல்லுங்கள். "ஆட்டிசம்னா இப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டால் வேறு மருத்துவரைப் பாருங்கள். மகன் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒரு தாளில் எழுதி, தூக்கம், சாப்பாடு, எப்போதிலிருந்து மாற்றம் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். அவரே எழுதித் தந்தால் இன்னும் நல்லது. கூட்டம் குறைவான நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டுப் பாருங்கள், காத்திருக்கும்போது காதில் ஹெட்ஃபோன் இருக்கட்டும்.